பெயரில் ஒரு கூட்டல் குறி

ஆரியங்கோடு, கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ள ஊர். 1956-இல் நெய்யாற்றின்கரை வட்டத்தில் இருந்தது. பாறசாலையும் தமிழ்நாட்டு எல்லையும் அதிகத் தொலைவில் இல்லை. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை பிரிந்தது. விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்தது. உறவு பிரியவில்லை. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசும் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் இன்றும் உண்டு.

இந்த ஊரில் ஓர் அக்காவும் தங்கையும் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள்.

அக்கா ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். தங்கை வீட்டிலிருந்தே துணி தைப்பார். தங்கையின் மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள்.

இருவரும் அயல்கூட்டத்தில் வாரா வாரம் பணம் சேர்த்தார்கள். 2022 நவம்பரில் ஆளுக்கு 8,000 ரூபாய் சேர்ந்தது. ஆளுக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் கூலி இல்லை. அப்படிச் சேர்த்த பணம் இது. தவறாகச் செலவானால் மீண்டும் சேர்க்கப் பல மாதம் ஆகும்.

கடையில் இரண்டு போன்களைக் காட்டினார்கள். இரண்டும் ரெட்மி. ஒன்றின் பெயர் ஏ1. மற்றதன் பெயர் ஏ1+. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலவே இருந்தன. பெயரில் ஒரே ஒரு கூட்டல் குறிதான் வேறுபாடு.

"கூட்டல் இருக்கிறதே, அதுதான் நல்லது" என்றார் தங்கை.

"கூட்டல் போட்டால் விலையும்தானே கூடும்! எது கூடியிருக்கிறது என்று தெரிய வேண்டாமா?" என்றார் அக்கா.

அன்று அவர்கள் எதையும் வாங்கவில்லை. தொடர்கல்வி மையத்து டீச்சரிடம் கேட்டுவிட்டு வாங்கலாம் என்று திரும்பினார்கள்.

பெட்டியைப் படிக்கலாம்

"போன் பெட்டியில் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. நாங்கள் எப்படிப் படிப்பது, டீச்சர்?" என்று தங்கை கேட்டார்.

"எழுத்து ஆங்கிலம்தான். ஆனால் எண்கள் நமக்குத் தெரிந்த எண்கள்தானே? எண்களைப் படித்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும்" என்றார் டீச்சர்.

அவர் கரும்பலகையில் இரண்டு கட்டங்கள் போட்டார். ஒரு கட்டத்தில் ஏ1. மறு கட்டத்தில் ஏ1+. முதலில் இரண்டுக்கும் பொதுவானவற்றை எழுதினார்.

திரை: இரண்டிலும் 6.52 அங்குலம்.

பேட்டரி: இரண்டிலும் 5000 எம்.ஏ.எச்.

பின்பக்கக் கேமரா: இரண்டிலும் 8 மெகாபிக்சல்.

முன்பக்கக் கேமரா: இரண்டிலும் 5 மெகாபிக்சல்.

சிப்: இரண்டிலும் மீடியாடெக் ஹீலியோ ஏ22.

சிம்: இரண்டிலும் இரண்டு சிம் போடலாம். இரண்டும் 4ஜி போன்கள்.

சார்ஜர்: இரண்டிலும் 10 வாட். சார்ஜ் செய்யும் துளையும் ஒரே வகை, பழைய மைக்ரோ யு.எஸ்.பி.

அக்கா பலகையைப் பார்த்தார். "எல்லாம் ஒன்றுதானே? பிறகு எதற்கு இரண்டு பெயர்?" என்றார்.

"அதைத்தான் தேட வேண்டும். இரண்டு பொருளை ஒப்பிடும்போது ஒரே மாதிரி இருப்பதை அடித்துவிடுங்கள். மிச்சம் நிற்பதற்குத்தான் நாம் கூடுதல் பணம் கொடுக்கிறோம்" என்றார் டீச்சர்.

ஏழு வரிகளையும் அடித்தார்கள். மிச்சம் நின்றது இரண்டுதான். ஒன்று, விரல் பூட்டு. மற்றது, வேலை நினைவகம். இந்த இரண்டையும் இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

விரல் பூட்டு

ஏ1+ போனின் பின்பக்கத்தில் விரல் வைக்க ஓர் இடம் உண்டு. விரலை வைத்தால் போன் திறக்கும். விரலில் உள்ள ரேகையை அது அடையாளம் காண்கிறது. ஏ1 போனில் இந்த வசதி இல்லை. ரகசிய எண்ணைத் தட்டியோ, புள்ளிகளை இணைத்துக் கோடு போட்டோ அதைத் திறக்க வேண்டும்.

அக்கா சிரித்துவிட்டார். "நான் கையெழுத்துப் போடக் கற்றதே கைநாட்டு வைக்கக் கூடாது என்றுதான். மறுபடியும் விரலைக் கேட்கிறார்களே!"

"அது வேறு, இது வேறு, அக்கா. அன்று எழுதத் தெரியாததால் விரலை வைத்தோம். இங்கே விரல் ஒரு சாவி, அவ்வளவுதான்" என்றார் டீச்சர்.

இந்தச் சாவி நல்லதுதான். விரைவாகத் திறக்கலாம். நாம் எண்ணைத் தட்டுவதைப் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று உண்டு.

முதலாவது: விரலில் ரேகை தெளிவாக இருக்க வேண்டும். கடின வேலை செய்பவர்களின் விரல் ரேகை தேய்ந்து போவதுண்டு. பால்வெட்டும் கத்தி, ரப்பர் பால், ஷீட்டு உறைய ஊற்றும் ஆசிட் எல்லாம் தோலைக் கெடுக்கும். ஈரக்கையும் எண்ணெய்க்கையும் சரிப்படாது. ரேஷன் கடையில் விரல் பதியாமல் பலமுறை வைத்துப் பார்ப்பவர்களுக்கு இது தெரியும்.

இரண்டாவது: விரல் பூட்டு வைத்தாலும் ரகசிய எண் அல்லது கோடு ஒன்றையும் சேர்த்தே வைக்க வேண்டும். போனை அணைத்துப் போட்டால் முதல்முறை அதைக் கேட்கும். விரல் பதியாதபோதும் அதைக் கேட்கும். ஆகவே விரல் பூட்டு இருந்தாலும் எண்ணை மறக்க முடியாது.

மூன்றாவது: போனைத் திறக்கும் எண் வேறு. யு.பி.ஐ. மூலம் பணம் அனுப்பும்போது கேட்கும் ரகசிய எண் வேறு. இரண்டையும் ஒரே எண்ணாக வைக்கக் கூடாது. யு.பி.ஐ. எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது. பணம் வாங்குவதற்கு அந்த எண் தேவையே இல்லை. "உங்களுக்குப் பணம் வருகிறது, எண்ணைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று.

அக்கா தன் வலது கை விரல்களைப் பார்த்தார். ரேகை தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது.

"எனக்கு எண் தெரியும். நான் எண்ணையே போட்டுக்கொள்வேன்" என்றார்.

தங்கைக்கு ஊசி குத்திய விரல்கள். ஆனாலும் ரேகை இருந்தது. "ஒரு விரல் பதியாவிட்டால் வேறு விரலைப் பதியலாமா?" என்று கேட்டார். பதியலாம். ஒன்றுக்கு மேற்பட்ட விரல்களைப் பதிந்து வைக்கலாம். அதிகம் வேலை செய்யாத விரலில் ரேகை நன்றாக இருக்கும்.

மேடையும் அலமாரியும்

மிச்சம் நின்ற இரண்டாவது வேறுபாடு வேலை நினைவகம்.

போன் பெட்டியில் 2+32 என்று இருக்கும். அல்லது 3+32 என்று இருக்கும். இதைக் கூட்டி 34 என்றோ 35 என்றோ சொல்லக் கூடாது. இவை இரண்டும் வேறு வேறு.

பெரிய எண்ணான 32 என்பது சேமிப்பு இடம். இதை வீட்டு அலமாரி என்று நினைத்துக் கொள்ளுங்கள். படம், பாட்டு, வீடியோ எல்லாம் இதில் தங்கும். போனை அணைத்தாலும் அவை அழியா. 32 ஜிபி இடத்தில் ஒரு பகுதியைப் போன் தன் தேவைக்கே எடுத்துக்கொள்ளும். மீதிதான் நமக்கு. இந்த இரண்டு போன்களிலும் தனியாக ஒரு மெமரி கார்டு போட்டு அலமாரியைப் பெரிதாக்கலாம்.

சிறிய எண்ணான 2 அல்லது 3 என்பது ராம். இதை அடுக்களை மேடை என்று நினைத்துக் கொள்ளுங்கள். மரச்சீனி நறுக்குவதும், தேங்காய் துருவுவதும், மீன் கழுவுவதும் ஒரே மேடையில்தான். மேடை சிறியது என்றால் ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட முடியும். போனும் அப்படித்தான். ராம் குறைவாக இருந்தால், ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது போன் திணறும். பாதியில் விட்ட பாடம் முதலிலிருந்து தொடங்கும்.

அலமாரியை மெமரி கார்டு போட்டுப் பெரிதாக்கலாம். மேடையை அப்படிப் பெரிதாக்க முடியாது. வாங்கும்போது எவ்வளவோ, கடைசி வரை அவ்வளவுதான். அதனால் போன் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சிறிய எண்ணை.

விலைக் கணக்கு

2022 செப்டம்பரில் ஏ1 வெளிவந்தது. அப்போது அது 2+32 வகையில் மட்டும் வந்தது. விலை 6,499 ரூபாய். அடுத்த மாதம், அக்டோபரில், ஏ1+ வந்தது. அது இரண்டு வகையில் வந்தது. 2+32 வகையின் விலை 7,499 ரூபாய். 3+32 வகையின் விலை 8,499 ரூபாய்.

ஏ1+ வந்த புதிதில், தொடக்கச் சலுகையாக 2+32 வகையை 6,999 ரூபாய்க்கும் விற்றார்கள். இப்படிப்பட்ட விளம்பரத்தில் விலைக்குப் பக்கத்தில் "முதல்" என்ற சொல் சிறிய எழுத்தில் இருக்கும். "6,999 ரூபாய் முதல்" என்றால், மிகக் குறைந்த வகையின் விலை அது என்று பொருள். நாம் கேட்கும் வகையின் விலை அதுவாக இருக்காது. பெரிய எண்ணைப் படித்தவர் பக்கத்தில் உள்ள சிறிய சொல்லையும் படிக்க வேண்டும்.

டீச்சர் கணக்கைப் பலகையில் எழுதச் சொன்னார். அக்காவே எழுந்து எழுதினார்.

கையில் உள்ளது 8,000 ரூபாய்.

ஏ1 வாங்கினால் மீதி 1,501 ரூபாய்.

ஏ1+ 2 ஜிபி வாங்கினால் மீதி 501 ரூபாய்.

ஏ1+ 3 ஜிபி வாங்க வேண்டுமானால் 499 ரூபாய் குறைகிறது.

"இப்போது பாருங்கள். ஏ1 போனுக்கும் ஏ1+ 2 ஜிபி போனுக்கும் விலையில் 1,000 ரூபாய் வேறுபாடு. அந்த ஆயிரத்துக்குக் கிடைப்பது என்ன?" என்று டீச்சர் கேட்டார்.

"விரல் பூட்டு மட்டும்தான்" என்றார் தங்கை.

"மேடை?"

"பழைய மேடையேதான்."

"இன்னும் 1,000 ரூபாய் போட்டால்?"

"மேடை பெரிதாகும்" என்றார் தங்கை. இப்போது அவருக்குக் கூட்டல் குறியின் பொருள் புரிந்தது. கூட்டல் குறி போட்ட போனிலும் 2 ஜிபி உண்டு, 3 ஜிபி உண்டு. பெயரை மட்டும் சொல்லிக் கேட்டிருந்தால் எதைக் கொடுத்திருப்பார்களோ!

ஒரே கேள்வி, இரண்டு பதில்

"இரண்டில் எது நல்ல போன், டீச்சர்?" என்று இருவரும் கேட்டார்கள்.

டீச்சர் பதில் சொல்லவில்லை. "உங்களுக்கு எதற்குப் போன்?" என்று திருப்பிக் கேட்டார்.

அக்காவின் தேவை இது. வெளியூரில் வேலை செய்யும் மகனின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். கூலி வங்கியில் விழுந்ததா என்று செய்தி பார்க்க வேண்டும். தமிழில் வரும் செய்தியைத் தமிழிலும், மலையாளத்தில் வரும் செய்தியை மலையாளத்திலும் பார்க்க வேண்டும். இவை எல்லாம் இரண்டு போன்களிலும் முடியும். ஒரு நேரத்தில் ஒரு வேலை என்பதால் 2 ஜிபியை வைத்துச் சமாளிக்கலாம். விரல் பூட்டு அவருக்குப் பயன்படாது. ஆகவே ஏ1 போதும். மீதி 1,501 ரூபாயில் ரீசார்ஜ் செய்யலாம். போனுக்கு ஓர் உறையும் வாங்கலாம். பால்வெட்டுக்குப் போகும் இடத்தில் போன் கீழே விழும் அல்லவா?

தங்கையின் தேவை வேறு. பகலில் அவர் துணியின் படங்களை வாங்கிப் பார்க்க வேண்டும். அளவைக் குறித்து அனுப்ப வேண்டும். மாலையில் மகள் அதே போனில் பாட வீடியோ பார்க்க வேண்டும். கேரளத்தில் 2020 ஜூன் 1 அன்று கொரோனா காலத்துப் பாடங்கள் விக்டர்ஸ் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் தொடங்கின. அன்று போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பட்ட பாட்டைத் தங்கை மறக்கவில்லை. ஒரே போனில் இருவர் வேலை என்றால் மேடை பெரிதாக இருக்க வேண்டும். அவருக்கு ஏ1+ 3 ஜிபி பொருந்தும்.

ஆனால் 499 ரூபாய் குறைகிறதே!

"நான் தருகிறேன், மக்களே" என்றார் அக்கா.

"வேண்டாம் அக்கா. இரண்டு ரவிக்கைத் துணி தைக்க வந்திருக்கிறது. அடுத்த வாரம் கூலி வரும். அதுவரை பொறுக்கிறேன்" என்றார் தங்கை.

கையில் இருக்கும் பணத்துக்கு அடங்குகிறது என்பதற்காக நடுவில் உள்ள 7,499 ரூபாய்ப் போனை அவர் வாங்கியிருக்கலாம். வாங்கியிருந்தால் வேண்டாததற்கு 1,000 ரூபாய் போயிருக்கும். வேண்டியது கிடைத்திருக்காது. ஒரு வாரம் பொறுத்ததால் அந்தப் பணம் வீண் போகவில்லை.

பெயர் மாறும், வழி மாறாது

ஏ1, ஏ1+ இரண்டும் 2022-இல் வந்தவை. அதன்பின் செயலிகள் கனமாகிவிட்டன. அன்று அக்காவுக்குப் போதும் என்று தோன்றிய 2 ஜிபி இன்று புதிதாக வாங்குபவருக்குப் போதாது. யாராவது பழைய போனைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. 2023 மே மாதம் ரெட்மி ஏ2, ஏ2+ வந்தன. அங்கேயும் கூட்டல் குறி போட்டதில்தான் விரல் பூட்டு இருந்தது. 2024 நவம்பரில் ஏ4 வந்தது. 2025 ஏப்ரலில் ஏ5 வந்தது.

இந்த ஏ4, ஏ5 இரண்டையும் பாருங்கள். 5 பெரிய எண். ஏ5 பின்னால் வந்தது. ஆகவே அதில்தான் வசதி அதிகம் என்று தோன்றும். ஆனால் ஏ4 ஒரு 5ஜி போன். ஏ5 ஒரு 4ஜி போன். ஏ4 வந்தபோது 4+64 வகையின் விலை 8,499 ரூபாய். ஏ5 வந்தபோது 3+64 வகையின் விலை 6,499 ரூபாய். பெயரில் எண் கூடியது. விலை குறைந்தது. 5ஜி வசதியும் இல்லை. இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. பெட்டியில் எழுதித்தான் இருக்கிறது. படிக்காமல் வாங்கினால்தான் ஏமாற்றம்.

விளம்பரத்தில் இன்னொன்றையும் பார்க்கலாம். 4 ஜிபி ராம் உள்ள போனை "8 ஜிபி வரை" என்று சொல்வார்கள். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அலமாரியில் ஒரு தட்டைக் கடன் வாங்கி மேடையோடு சேர்த்துச் சொல்லும் கணக்கு அது. கடன் வாங்கிய தட்டில் வேலை மெதுவாகத்தான் நடக்கும். "உண்மையான ராம் எவ்வளவு?" என்று கடையில் கேளுங்கள்.

பணம் கொடுக்கும் முன்

போனைத் திறந்து ஸ்டார், ஹாஷ், 0, 6, ஹாஷ் என்று தட்டுங்கள். *#06# என்பதுதான் அது. திரையில் 15 இலக்க எண் வரும். அதற்கு ஐ.எம்.ஈ.ஐ. எண் என்று பெயர். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள் வரும். பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இருக்கிறதா என்று ஒவ்வோர் இலக்கமாகப் பாருங்கள்.

பழைய போன் வாங்கினால் இன்னும் கவனம் வேண்டும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதுங்கள். ஓர் இடைவெளி விட்டு 15 இலக்க எண்ணை எழுதுங்கள். அதை 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். அந்த எண் எந்தப் போனுக்கு உரியது என்று பதில் வரும்.

பில்லைப் பத்திரமாக வையுங்கள். போன் தொலைந்தால், காவல் நிலையத்தில் புகார் கொடுத்த பின், அதை முடக்கக் கோரலாம். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் இதற்கு வழி உண்டு. அப்போதும் இந்த 15 இலக்க எண்தான் வேண்டும்.

1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 21 அன்று முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்றும் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு மாநிலத்துக்கு. பயன் ஒவ்வொருவர் கையிலும் தெரிய வேண்டும். கடையில் நின்று பெட்டியைத் திருப்பி, "இது 2 ஜிபியா, 3 ஜிபியா?" என்று கேட்பவரிடம் அது தெரியும்.

அடுத்த வாரம் தங்கை தன் போனோடு மையத்துக்கு வந்தார். அக்காவும் வந்தார். தங்கை விரலை வைத்துப் போனைத் திறந்தார். அக்கா எண்ணைத் தட்டித் திறந்தார். இரண்டும் திறந்தன.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டுப் போனின் ராம் எவ்வளவு? சேமிப்பு இடம் எவ்வளவு? பெட்டியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

2. ஒரு விளம்பரத்தை எடுத்துக் கொள்ளுங்கள். "முதல்", "வரை" என்ற சொற்களும் நட்சத்திரக் குறியும் எங்கே உள்ளன என்று தேடுங்கள்.

3. உங்கள் போனின் 15 இலக்க எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். அதைப் போன் உறைக்குள் வைக்காமல் வீட்டில் வையுங்கள். ஏன் என்று சொல்ல முடியுமா?